இங்கே ஏது புயல் என்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் தங்கை மகன் பாகலூர் ரோட்டில் தான் போடும் ஷெட்டைக் காட்ட அழைத்துப் போனான். டிசைன் யார் செய்தது என்று கேட்டேன். "எதுக்கு மாமா டிசைன்? ஃபேப்ரிகேட்டர் இதே மாதிரி நாற்பது ஷெட் போட்டிருக்கார். இது என்ன கடலூரா, புயல் வர?" என்றான்.

ஓசூரில் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். அதில் என்னிடம் இயற்பியல் படித்தவர்களும் உண்டு. அதுதான் வலிக்கிறது.

காற்றுச் சுமைக்கு இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது: ஐ.எஸ். 875, மூன்றாம் பாகம். கடைசியாக 2015-இல் திருத்தினார்கள். சென்னைக்கு அது சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். பெங்களூருக்கு 33. நாட்டிலேயே குறைந்த எண் அதுதான், ஆகவே நாமும் அதற்குக் கீழே போக வழியில்லை. 33 மீட்டர் என்றால் மணிக்கு ஏறக்குறைய 119 கிலோமீட்டர். வேகத்தை வர்க்கப்படுத்தி 0.6-ஆல் பெருக்குங்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ விசை. நீங்கள் போடும் அரை மில்லிமீட்டர் தகட்டின் எடை அதே சதுர மீட்டருக்கு 5 கிலோ. கூரையைக் கீழே பிடித்து வைத்திருப்பது அதன் எடை இல்லையப்பா, திருகும் பர்லினும் அடித்தளத்து போல்ட்டும்தான்.

காற்று கூரையை அமுக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மேலே உறிஞ்சும், ஓரத்திலும் மூலையிலும் இன்னும் கடுமையாக. சித்திரை, வைகாசியில் இடிமழைக்கு முன்னால் மேகத்திலிருந்து இறங்கும் காற்று உங்களுக்குத் தெரியும். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரே மாலையில் மாங்காயெல்லாம் தரையில் கிடக்குமே, அந்தக் காற்று. அந்த நேரம் லாரிக்கு லோடு ஏற்ற ஷட்டர் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்தும் தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளல். இந்த உள்ளழுத்தத்தை உங்கள் ஃபேப்ரிகேட்டர் எந்தக் காகிதத்தில் கணக்குப் போட்டார்? பேரிகைப் பக்கத்து ரோஜா விவசாயிகூடக் காற்று எழும்பினால் பசுமைக்குடிலின் பக்கத் திரையை இறக்க ஓடுகிறார்.

"ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வரும் காற்றுதானே சார்" என்று ஒரு பழைய மாணவர் போனில் சொன்னார். தம்பி, அதற்கு அர்த்தம் ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் இரண்டு வாய்ப்பு. 20 ஆண்டு நிற்கும் ஷெட்டுக்கு அது மூன்றில் ஒன்று ஆகிறது. பிளஸ் டூ கணக்குதான், போட்டுப் பாருங்கள்.

ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட் இருக்கிறது என்பீர்கள். கையெழுத்துப் போட்டவர் ஏணி ஏறிப் பார்த்தாரா? கூரை பறந்தால் இன்சூரன்ஸ் உங்களுக்கு. அடியில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன். தருமபுரியிலிருந்து வரும் நம் பிள்ளைகளும் அங்கேதான் நிற்கிறார்கள்.

ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கட்டணம் ஷெட்டின் மொத்தச் செலவில் எத்தனை பங்கு என்று தங்கை மகனிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் போனை எடுத்துப் பார்த்தான். தகடு இன்னும் ஏறவில்லை. வரும் ஞாயிறு ஒரு இன்ஜினியரை அழைத்துக்கொண்டு நான் மறுபடி அங்கே போகிறேன். ஷெட் போடும் எண்ணத்தில் இருப்பவர்கள் வரைபடத்தோடு வாருங்கள், ஃபேப்ரிகேட்டரையும் கூட்டி வாருங்கள்.