விம்கோ நகர் நாய்க்கு பி.பி. எதுக்கு?

"மனுஷனுக்கே ஒழுங்கா பி.பி. பார்க்க ஆளில்லை, தெருநாய்க்குப் பார்க்கணுமாம்!" விம்கோ நகர் ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் இதைச் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அப்புறம் கணக்குக்கு வரட்டும்.

நாய்களுக்குக் கருத்தடை செய்வதில் சென்னைதான் முன்னோடி. 1964-ல் ப்ளூ கிராஸ் ஆரம்பித்ததை 1996-ல் மாநகராட்சி கையில் எடுத்தது. 2001-ல் அதற்கு மத்திய அரசு விதிகள் வந்தன, 2023-ல் புது விதிகள். 2011-ல் திருவொற்றியூர் மாநகராட்சிக்குள் வந்ததால் தீப்பெட்டிக் கம்பெனி பேர் வைத்த இந்த ஏரியா நாய்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தாச்சு. நல்ல விஷயம்தான். ஆனால் பேப்பரில் வருவது எப்பவும் ஒரே எண்: இத்தனை நாய்க்கு ஆபரேஷன் முடிந்தது. மயக்கத்தில் கிடந்த அரை மணி நேரம் அதன் ரத்த அழுத்தம் என்ன ஆச்சுன்னு யாராவது கேட்டதுண்டா?

மயக்க மருந்து சும்மா தூங்க வைப்பதில்லை. ஐசோஃப்ளூரேன் வாயு ரத்தக் குழாய்களைத் தளர்த்தும், அளவு கூடக் கூட அழுத்தம் இறங்கும். சைலசின் ஊசி இன்னும் கில்லாடி. முதலில் அழுத்தத்தை ஏற்றிக் காட்டிவிட்டு, இதயத் துடிப்பைக் குறைத்து, பிறகு மெல்ல இறக்கும். சராசரி அழுத்தம் 60 மி.மீ.க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாது. இதெல்லாம் நன்றாகத் தின்று வளர்ந்த லாப்ரடாருக்கே நடக்கும். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் வற்றி, தண்ணீர்கூட சரியாகக் கிடைக்காத தெருநாய்க்கு?

இதில் பெரிய மோசடி என்னவென்றால், சிறுநீரகம் கெட்டது அன்றைக்கே தெரியாது. சில நாள் கழித்து, காது ஓரம் வெட்டி, பிடித்த இடத்திலேயே விட்ட பிறகு அது எங்கோ லாரிக்கு அடியில் சுருண்டு கிடக்கும். லெட்ஜரில் "ஆபரேஷன் வெற்றி". நஷ்டம் தெருவில். பி.காம். முதல் வருஷப் பையன்கூட இப்படி ஒரு கணக்கை டேலி ஆச்சுன்னு ஒத்துக்க மாட்டான் :-)

"செத்தா ஒண்ணு குறைஞ்சுதுன்னு விடுங்க" என்பவர்களுக்கு: செத்தது ரேபீஸ் தடுப்பூசி போட்ட நாய். அந்த இடத்துக்கு வரப்போவது ஊசி போடாத நாய். கடிபடப் போவது ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள்.

செலவு? அழுத்தம் இறங்கினால் முதல் வைத்தியம் மயக்க வாயுவைக் குறைப்பது. அதற்குக் காசே இல்லை, மிச்சம்தான். அடுத்தது நரம்பில் சலைன். இதயம் மெதுவாகத் துடித்தால் அதைப் பார்த்துச் சரிசெய்ய மருந்து உண்டு. அதற்கும் மசியாவிட்டால்தான் எஃபெட்ரின், டோபமின் எல்லாம். மெஷினுக்கு ஒரு தடவை முதலீடு, பல வருஷம் ஓடும். பட்டையின் அகலம் காலின் சுற்றளவில் 40 சதவீதம் இருக்கணும், அவ்வளவுதான் சூட்சுமம் (பெரியவர்களுக்குக் கட்டும் பட்டையைச் சுற்றினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்).

ஒரு நாய்க்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் ஒப்பந்தம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் வேகம்தான் லாபம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதிய பி.பி. சீட்டு பில்லோடு இணைக்கப்படவில்லை என்றால் அந்த நாய்க்குப் பணம் பாஸ் ஆகக் கூடாது. வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டர் விடுகிறார்?