தவிட்டில் கலந்த உமி

அண்மையில் வெருகல் பக்கம் போக நேர்ந்தது. இலங்கைத்துறை முகத்துவாரத்தில், தெரிந்த ஒரு வீட்டு முற்றத்தில் முப்பது முட்டைக் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. வீட்டுக்கார அம்மா குறைப்பட்டுக்கொண்டார்: “தவிடு குறைவில்லாமத்தான் போடுறன் அண்ணே. முட்டைதான் பாதியாப் போச்சு.” மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினேன். நல்ல தவிடு விரல்களில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டும். இது மணலைப்போல் நறநறத்தது. உள்ளங்கையில் பரப்பி ஊதியபோது பாதி பறந்தது. உமியை அரைத்துக் கலந்திருக்கிறார்கள். விற்றவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. இது ஒரு கடைக்காரரோடு முடிகிற கதையும் அன்று.

திருகோணமலை மாவட்டத்தில் தவிட்டுக்குப் பஞ்சம் இருக்க நியாயமில்லை. கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் நெல் இருக்கிறது. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் வயல்கள் இருக்கின்றன. நூறு கிலோ நெல்லைக் குற்றினால் எட்டு முதல் பத்துக் கிலோ வரை தவிடும், ஏறத்தாழ இருபது கிலோ உமியும் கிடைக்கும். துறைமுகத்தின் மறுகரையில், சீனக்குடாவில், 1980 முதல் இயங்கிவரும் பெரிய மா ஆலை நிற்கிறது. கோதுமையை அரைக்கும் இடத்தில் கோதுமைத் தவிடும் சேரத்தான் செய்யும். இத்தனைக்கும் நடுவில் முப்பது கோழி வளர்க்கும் ஒருவர் காசு கொடுத்து உமி வாங்கிக்கொண்டிருக்கிறார்.

தவிட்டை ஏளனமாகப் பார்ப்பது நம்மவர் வழக்கம். அதன் அருமையை உலகுக்குச் சொன்னவையோ கோழிகள்தாம். 1890களில் பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஒல்லாந்து மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மானின் கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறே அவற்றுக்குத் தீனாகப் போடப்பட்டு வந்தது. பின்பு புதிதாக வந்த சமையற்காரர், குடிமக்கள் கோழிக்கு இராணுவச் சோறு தர முடியாது என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடந்தன. தீட்டும்போது கழிந்துபோன தவிட்டில்தான் சூட்சுமம் இருந்தது. 1926இல் தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அந்தச் சத்தைத்தான் இன்று தயமின் என்கிறோம். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. சமையற்காரரின் பெயரை யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் தவிடு சர்வரோக நிவாரணி அன்று. புரதம் பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம். எண்ணெய் பதினைந்து சதவீதம் அளவில். அந்த எண்ணெயே அதற்கு எதிரி. ஆலையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திலேயே தவிட்டிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். நம் வெக்கையில் சில நாட்களில் காறல் மணம் வரும். சூடேற்றினால் இதைத் தடுக்கலாம், சிறிய ஆலைகளில் அதற்கு வசதியில்லை. தவிட்டிலுள்ள பொஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேற்றாகக் கட்டுண்டு கிடப்பதால் கோழிக்கு முழுவதும் கிட்டாது. அதற்கென்று 1990களில் பைட்டேஸ் நொதி சந்தைக்கு வந்தது. வளர்ந்த முட்டைக் கோழிக்குத் தீனில் ஐந்தில் ஒரு பங்கு வரை நல்ல தவிடு சேர்ப்பதில் தவறில்லை. குஞ்சுகளுக்கு அவ்வளவு ஆகாது. தேங்காய்ப் புண்ணாக்கில் இருபது சதவீதப் புரதம் உண்டு, ஆனால் லைசீன் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் மெதியோனின் நிறைய, லைசீன் அதிலும் குறைவு. புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1960இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டது சாட்சி. காரணம் நிலக்கடலைப் புண்ணாக்கிலிருந்த அப்ளடொக்சின்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2018இன் இறுதியில் சேனா படைப்புழு சோளத்தைத் தாக்கியது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2022இல் டொலர் இல்லாமற்போனது. சோளத்தை நம்பியிருந்த கோழித்தீன் விலை எகிற, பண்ணைகள் பல மூடின. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை வந்திறங்கியது. இறக்குமதிச் சோளம் எப்போது வேண்டுமானாலும் தட்டுப்படலாம் என்று தெரிந்த பிறகும், கைக்கெட்டும் தவிட்டைக் கலப்படக்காரரிடம் விட்டுவைத்திருக்கிறோம்.

முருங்கையிலையும் மஞ்சளும் வெள்ளைப்பூண்டும் போட்டால் மருந்தே வேண்டாம் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். வளர்ச்சிக்காகத் தீனில் நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றாகத் தடைசெய்த பின் இத்தகைய தாவரப் பொருட்களில் ஆராய்ச்சி பெருகியது உண்மை. அவற்றால் ஓரளவு பயனும் உண்டு. வெள்ளைக் கழிச்சலுக்கு அவை தடுப்பூசி ஆகமாட்டா. இயற்கை என்ற சொல்லை நம்பிப் பசளை விஷயத்தில் பட்டது போதாதா?

நான் கேட்பது சிறிய விஷயம். தவிட்டு மூட்டையில் அரைத்த திகதியும் நாரின் அளவும் எழுதப்பட வேண்டும். உமி கலந்ததா என்று அறியப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை; புளோரோகுளுசினோல் கரைசலைச் சில சொட்டு விட்டால், உமி மிகும் அளவுக்குச் சிவப்பு ஏறும். பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகம் ஒவ்வொன்றிலும் அந்தப் போத்தல் ஒன்று இருந்தால், ஒரு பிடித் தவிட்டோடு வருகிறவருக்கு அங்கேயே பதில் சொல்லிவிடலாம். குற்றமென்று தெரிந்தால் விசாரிக்க நுகர்வோர் அதிகார சபை இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு அன்று சொல்ல முடிந்தது, ஆலையில் நெல் குற்றும் நாளிலேயே போய்க் கண்முன்னால் தவிட்டை வாங்கி, ஒரு வாரத்துக்கு மேல் வைத்திராமல் போடுங்கள் என்பதுதான். கடற்கரையில் கிடைக்கும் சிப்பி ஓட்டை இடித்து வைக்கவும் சொன்னேன். தலையசைத்துவிட்டுக் கேட்டார்: “ஆலைக்குப் போய்வர ஆட்டோவுக்கு எவ்வளவு கேப்பாங்கள்?”