கூடிக் கலைந்தால் போதுமா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. ஏதேனும் ஒரு பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் 40 அல்லது 50 ஆண்டுகளுக்குப் பிறகு சந்தித்துக்கொண்டனர். ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தினர். மலரும் நினைவுகளைப் பகிர்ந்துகொண்டனர். பள்ளிக்கு மின்விசிறியோ குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரமோ வழங்கினர் என்று அந்தச் செய்தி அமைந்திருக்கும். கூடவே ஒரு குழுப் படமும் வெளியாகும். வரவேற்கத்தக்க வழக்கம்தான். ஆனால், விருந்துண்டு, படமெடுத்து, அவரவர் ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த உறவு என்னவாகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. தமிழகத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமாகும் வரை 11-ஆம் வகுப்பே பள்ளி இறுதி வகுப்பாக இருந்தது. அந்தப் பழைய எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர்களில் இளையவர்களே இன்று 60 வயதைக் கடந்துவிட்டனர். மூத்தவர்கள் 80-ஐத் தாண்டியவர்கள். காமராஜர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டு, ஊர்தோறும் பள்ளிகள் பெருகிய காலத்தில் பள்ளிக்குள் அடியெடுத்து வைத்தவர்கள் அவர்களில் பலர். குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்தவர்களும் அவர்களில் உண்டு. படிப்பு அவர்களைக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு அனுப்பியது. அவர்களுடைய பிள்ளைகளை நகரத்திலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பியது. படிப்பின் பயனை முழுமையாகக் கண்ட தலைமுறை அது. முதுமையில் தனித்து விடப்பட்டிருக்கும் தலைமுறையும் அதுவே.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழக மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 10.4 சதவீதம். 2031-இல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் மதிப்பீடு. மறுபுறம், உலகில் ஆறில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்பட்டுள்ளார் என்றும், ஆண்டுக்கு 8.71 லட்சம் மரணங்களுக்குத் தனிமையோடு தொடர்பு இருக்கக்கூடும் என்றும் உலக சுகாதார அமைப்பின் ஆணையம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. முதியோருக்கு மருந்தும் ஓய்வூதியமும் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை பேச்சுத் துணையும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இன்றும் தொடர்கிறது. அப்பல்கலைக்கழக மாணவர்கள் 268 பேரையும், பாஸ்டன் நகரின் ஏழ்மையான பகுதிகளைச் சேர்ந்த சிறுவர்கள் 456 பேரையும் வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்த ஆய்வு அது. முதுமையில் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருப்பவர் யார் என்பதைப் பணத்தையும் புகழையும்விட நெருக்கமான உறவுகளே பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது அதன் முக்கியமான முடிவு.

அத்தகைய உறவுகளில் பள்ளி நட்புக்குத் தனி இடம் உண்டு. பெற்றோரும் மூத்த சகோதரர்களும் மறைந்துவிட்ட 70 வயதுக்காரரை ‘டா’ போட்டு அழைக்க உலகத்தில் எஞ்சியிருப்பவர் உடன் படித்தவர் மட்டுமே. பதவியும் வசதியும் வருவதற்கு முன்பே நம்மை அறிந்தவர் அவர். திருவள்ளுவர் நட்பைப் பற்றி 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் வகுத்து, அவற்றில் ஒன்றுக்குப் ‘பழைமை’ என்று பெயரிட்டிருக்கிறார். நெடுநாள் நட்பினர் கேளாமலே உரிமையோடு ஒன்றைச் செய்தால், அதை விரும்பி ஏற்பதே பண்பு என்பது அந்த அதிகாரம் சொல்லும் கருத்துகளில் ஒன்று. கேட்டுப் பெறுவதற்குக் கூச்சப்படும் வயதில், கேளாமல் செய்யும் உரிமை பெற்றவர்கள் பள்ளித் தோழர்களே.

நான் படித்த பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கப் பணிகளில் சில ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்வதானால், இன்றைய சங்கங்கள் பெரும்பாலும் வர முடிந்தவர்களுக்கான சங்கங்களாகவே இருக்கின்றன. நலமாக இருப்பவர், வாழ்க்கையில் ஓரளவு உயர்ந்தவர், பயணச் செலவும் பங்குத் தொகையும் தரக்கூடியவர் வருகிறார். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், தொழிலில் நொடித்தவர், நோயில் படுத்தவர், மனைவியை இழந்து வீட்டோடு முடங்கியவர் வருவதில்லை. ‘அழைத்தோம், அவர் வரவில்லை’ என்று நாம் கணக்கை முடித்துவிடுகிறோம். உண்மையில், சங்கம் யாருக்குத் தேவையோ அவர்தான் குழுப் படத்தில் இல்லாதவர்.

பெண்களின் நிலை இன்னும் கடினமானது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அவர்கள் தந்தையின் முதலெழுத்தோடு இருக்கிறார்கள். திருமணத்துக்குப் பிறகு ஊரும் மாறுகிறது. பலருக்கு முதலெழுத்தும் மாறிவிடுகிறது. பழைய பெயரை வைத்துக்கொண்டு அவர்களைத் தேடினால் கிடைப்பதில்லை. பிறந்த ஊரில் இருக்கும் சகோதரர் வழியாகவோ, அதே தெருவிலிருந்து பள்ளிக்கு வந்த மற்றொரு தோழி வழியாகவோதான் கண்டறிய முடிகிறது. ஆண்கள் மட்டுமே நிர்வாகிகளாக இருக்கும் சங்கத்திலிருந்து வரும் அழைப்பை ஏற்கப் பல பெண்கள் தயங்குவதும் இயல்பு. தேடும் பொறுப்பையும் அழைக்கும் பொறுப்பையும் பெண்களிடமே ஒப்படைத்தால் இந்தத் தயக்கம் வெகுவாகக் குறையும்.

கைப்பேசி வந்த பிறகு எல்லோரும் இணைந்துவிட்டோம் என்று எண்ணுவது மற்றொரு மயக்கம். வாட்ஸ்ஆப் குழுவில் காலை வணக்கப் படங்களும் அரசியல் சச்சரவுகளும் நிறைகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல இரங்கல் செய்திகள் கூடுகின்றன. ஒருவர் மறைந்தால் ஐம்பது பேர் கைகூப்பும் படம் இடுகிறார்கள். அவர் மூன்று மாதம் படுக்கையில் இருந்தது ஐந்து பேருக்குக்கூடத் தெரிந்திருக்காது. பார்வை மங்கியவர்களும் பொத்தான் கைப்பேசி வைத்திருப்பவர்களும் அந்தக் குழுவில் இல்லவே இல்லை. ஆயிரம் செய்திகளை அனுப்புவதைவிட வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் குரலைக் கேட்பது மேலானது.

என்ன செய்யலாம்? முதலில், சங்கத்தின் அலகு மாற வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் ஆண்டு வாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. 1972-இல் படித்தவர்களுக்கு ஒரு குழு, 1975-இல் படித்தவர்களுக்கு வேறொரு குழு. 40 பேர் கொண்ட வகுப்பு இருபதாகும், பிறகு ஐந்தாகும். கடைசியில் எஞ்சும் ஒருவருக்குச் சங்கமே இராது. மேலும், திருச்சியில் தனியாக வாழும் ஒருவருக்கு நள்ளிரவில் மூச்சுத்திணறினால், சென்னையில் இருக்கும் வகுப்புத் தோழரால் உடனே வர இயலாது. இரண்டு தெரு தள்ளி இருக்கும், அதே பள்ளியில் ஐந்து ஆண்டு பின்னால் படித்தவரால் இயலும். எனவே, நினைவுகளைப் பேச வகுப்பு வாரியான குழுவும், நலம் பேண வசிப்பிடம் வாரியான குழுவும் வேண்டும். எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்ட சிறு வட்டமே போதுமானது. 60 வயதுக்காரர்களும் 80 வயதுக்காரர்களும் அதில் கலந்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக, நலம் விசாரிப்பதை முறைப்படுத்த வேண்டும். யார் யாரை எந்த நாளில் அழைப்பது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அவரவர் ஒப்புதலோடு இரத்த வகை, உட்கொள்ளும் மருந்துகள், வழக்கமாகச் செல்லும் மருத்துவமனை, வெளியூரில் உள்ள பிள்ளைகளின் தொலைபேசி எண் ஆகியவற்றை வட்டத்தில் இருவரிடம் கொடுத்து வைக்கலாம். கண் சிகிச்சைக்குத் துணையாகச் செல்வது, ஓய்வூதியருக்கான உயிர்வாழ் சான்றை இணையவழியில் பதிவுசெய்ய உதவுவது, வங்கிக்கு உடன் செல்வது போன்றவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை, ஆள் தேவை.

மூன்றாவதாக, உறுப்பினர் மறைந்தாலும் அவருடைய மனைவி அல்லது கணவர் சங்கத்தின் உறுப்பினராகத் தொடர வேண்டும். பதினாறாம் நாள் காரியத்தோடு தொடர்பு அறுந்துபோவதுதான் இன்றைய வழக்கம். உண்மையான தனிமை அந்த வீட்டில் அன்றுதான் தொடங்குகிறது.

நான்காவதாக, பண உதவியில் கண்ணியம் காக்கப்பட வேண்டும். மேடையில் காசோலை கொடுத்துப் படமெடுத்தால், பெற்றவர் அடுத்த சந்திப்புக்கு வரமாட்டார். தனிப்பட்ட கடனாகக் கொடுத்தால் கடனும் திரும்பாது, நண்பரும் திரும்பமாட்டார். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் சங்கத்தைப் பதிவுசெய்து, ஆண்டுக் கணக்கை எல்லோருக்கும் காட்டி, உதவி பெறுபவர் பெயரை மட்டும் இரண்டு மூன்று பேருக்குள் வைத்துக்கொள்வதே சரியான வழி.

இதை நன்கு உணர்ந்தவர்கள் ஈழத் தமிழர்கள். அங்கு ‘பழைய மாணவர் சங்கம்’ என்பார்கள். யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற பள்ளிகளுக்கு கொழும்பு, லண்டன், டொரோண்டோ ஆகிய நகரங்களில் சங்கக் கிளைகள் இயங்குகின்றன. போரினால் ஊரைவிட்டு அகன்றவர்களுக்கு, இழந்த ஊரின் இடத்தில் பள்ளியின் பெயர் நின்றது. போர் இல்லாமலேயே ஊரை இழந்துகொண்டிருக்கும் நமக்கும் அதில் பாடம் இருக்கிறது.

அரசும் முன்னாள் மாணவர்களைத் தேடத் தொடங்கியிருக்கிறது. ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. 2024-இல் மறுகட்டமைப்பு செய்யப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடமளிக்கப்பட்டுள்ளது. இவற்றில் பள்ளிக்கு அவர்கள் என்ன தர முடியும் என்ற பார்வையே மேலோங்கியிருக்கிறது. பள்ளி அவர்களுக்கு என்ன தரலாம் என்றும் யோசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டால் முதிய மாணவர்கள் கூடிப் பேசுவார்கள்; வார நாள்களில் அவர்களே மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கத்தைக் கற்றுத்தருவார்கள். முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா உதவி எண் பற்றிப் பல முதியவர்களுக்குத் தெரியாது. அதைக் கொண்டுசேர்க்கவும் இந்தச் சங்கங்களைவிடப் பொருத்தமான வழி இல்லை.

பள்ளியில் தினமும் காலையில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக அழைத்தார். வராதவர் ஏன் வரவில்லை என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்டார். தேவையென்றால் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். அந்தப் பதிவேடு இன்று நம் கையில் இருக்கிறது. அடுத்த சந்திப்பில் வந்தவர்களை எண்ணி மகிழ்வதோடு, வராதவர்களின் பெயர்களையும் உரக்க வாசிப்போம். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் யார் செல்வது என்று முடிவு செய்த பிறகு குழுப் படம் எடுத்துக்கொள்ளலாம்.