தாங்கும் மண்ணா, அசையும் மண்ணா?

விம்கோ நகரில் ரயில் பாதைக்கு மேற்கே உள்ள ஒரு தெருவில், கடந்த மே மாதம் ஒரு வீட்டைப் பார்க்க அழைத்திருந்தார்கள். கட்டி ஆறு ஆண்டுகளே ஆன வீடு. ஜன்னலின் மூலையிலிருந்து சாய்வாக மேலேறிய விரிசலில் ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தது. "கார்த்திகையில் இது தானாக மூடிக்கொள்ளும் சார், சித்திரையில் மறுபடி திறந்துவிடும்" என்றார் வீட்டு உரிமையாளரான அம்மையார். மூன்று முறை பூசியாயிற்றாம். கட்டுமானப் பொறியாளனாக முப்பது ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு அந்த வாக்கியமே பாதி ஆய்வறிக்கை.

மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண்ணின் இயல்பு அது. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிப்பது கரிசல் காட்டு விவசாயிக்குப் புதிதல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் மழை, பிறகு மாதக்கணக்கில் காயும் வெயில் என்ற சென்னையின் பருவச் சுழற்சி அத்தகைய மண்ணை ஆண்டுதோறும் அசைத்துப் பார்க்கும். பல மாடிக் கட்டடம் தன் பாரத்தால் இந்த எழுச்சியை ஓரளவு அடக்கிவிடும். ஓரிரு தளங்கள் கொண்ட வீட்டுக்கு அந்தப் பாரமும் கிடையாது. ஆகவே பெரிதும் அடிபடுபவர் சிறு வீட்டுக்காரரே.

வடசென்னையின் மண் சீரானதும் அல்ல. கடலோரம் மணல், பக்கிங்காம் கால்வாயையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் ஒட்டிக் களிமண், அதன்மேல் பல இடங்களில் லாரிகளில் கொண்டுவந்து கொட்டிய சவுடும் இடிபாடும். பக்கத்து மனையில் மணல் இருந்தது என்பது நம் மனைக்குச் சான்றாகாது. அந்த அம்மையார் எடுத்துவந்த மண் ஆய்வறிக்கையின் இரண்டாம் பக்கத்திலோ வேறொரு மனையின் சர்வே எண் இருந்தது. முதல் பக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

அந்த அறிக்கை உண்மையானதாகவே இருந்திருந்தாலும் பெரிதாகப் பயன்பட்டிருக்காது என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. அதில் இருந்தது தாங்குதிறன் ஒன்றே. வழக்கமான சோதனையில், 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழச் செய்து, மாதிரி எடுக்கும் குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவார்கள். கோடையில் காய்ந்து இறுகிய களிமண் இதில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். மண் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அது விடை. எவ்வளவு அசையும் என்பதற்கு அல்ல.

அசைவைக் கண்டறியும் சோதனை எளிது. சலித்த உலர்மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் இட்டு, ஒன்றில் காய்ச்சி வடித்த நீரையும் மற்றொன்றில் மண்ணெண்ணெயையும் ஊற்றி 24 மணி நேரம் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. இரண்டையும் ஒப்பிட்டால் போதும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2720, பகுதி 40 கூறுவது இதைத்தான். உப்பும் மண் என்று தெரிந்தால், ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த, அடிப்பகுதி குமிழ்போல் அகன்ற பைல் அடித்தளம் இருக்கிறது. ஈரம் ஏறி இறங்கும் மேலடுக்கைக் கடந்து, சுமார் 3.5 மீட்டருக்குக் கீழே அது ஊன்றிக்கொள்ளும்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால் உயிரிழப்பு இல்லை. அங்கே மண்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை (பெயரிலேயே குளம் இருப்பது வேறு விஷயம்). விரிசலை வாசிக்கும் பொறுப்பு, குடியிருப்பவர் தலையில் விழுந்துவிட்டது என்பதே என் கவலை.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, முன்கூட்டிய கள ஆய்வின்றி உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சலைக் குறைத்த நல்ல திட்டம். ஆனால் அதிகாரி வந்து பார்க்காத மனையில், மண்ணையாவது யாரேனும் பார்த்திருக்க வேண்டாமா? அந்த மனையிலேயே துளையிட்டதற்கான புகைப்படத்தையும், உப்பும் அளவையும் விண்ணப்பத்தோடு கட்டாயமாக்கலாம். விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் பாதை அமைக்கத் துளையிட்டுப் பெற்ற மண் விவரங்களையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கலாம். அது வரிப்பணத்தில் கிடைத்த அறிவு.

அந்த அம்மையாருக்கு மகளுக்காக மேலே ஒரு தளம் எடுக்கும் எண்ணம். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் குழாய் வைத்து வெளியேற்றவும், வீட்டைச் சுற்றித் தளமிடவும் சொன்னேன். மாடிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம், முதலில் சுவரோரம் துளையிட்டுப் பார்ப்போம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.