செருப்புக்காகக் காலைத் தறிப்பதா?

"வளரும் கால், இரண்டு அளவு பெரியதாய் வாங்கினால் ஈராண்டு உழைக்கும்." பள்ளி திறக்குமுன் ஈப்போக் கடைகளில் கேட்கும் இப்பேச்சைச் சிக்கனம் என்கின்றனர். அச்சப்பாத்தோடுதான் பிள்ளை குறுக்கோட்டத்திலும் ஓடுகிறது. குதிகால் நழுவுகிறது, கொப்புளம் எழுகிறது, கணுக்கால் பிசகுகிறது. இதுவா சிக்கனம்?

"தோட்டத்தில் வெறுங்காலோடு ஓடிய பரம்பரை நாம்" என்பர் சிலர். 1960இல் உரோமில் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு மராத்தான் வென்றதைச் சான்று காட்டுவர். அவரே 1964இல் தோக்கியோவில் காலணி அணிந்து வென்றதை மறப்பர்.

விலை மிகுந்தது வாங்கினால் போதும் என்பதும் பிழையே. அமெரிக்கப் படைப் பயிற்சியில், பாத வளைவுக்கேற்பக் காலணி தந்து ஆராய்ந்தபோதும் காயங்கள் குறையவில்லை. விலையன்று, பொருத்தமே முதன்மை. கால் சற்றே வீங்கும் மாலை வேளையில், காலுறையோடு நின்று அளக்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் நழுவலாகாது. கடையிலேயே சிறிது ஓடிப் பார்த்து, உறுத்தாததைக் கொள்ள வேண்டும். அடிப்பாகம் தேய்ந்ததைக் களைய வேண்டும்.

1877இல் கோலாகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்ட மண் பேரா. உலகின் காலணிகளுக்கு அடிப்பாகம் தந்த பாலை வெட்டியெடுத்த கைகளில் தமிழர் கைகள் எத்தனை! அவர்தம் பேரப்பிள்ளைகள் பொருந்தாச் சப்பாத்தால் நொண்டுவது நாணத்தக்கதன்றோ? போட்டிக்குப் பெயர் எழுதும் ஆசிரியர், எழுதுமுன் ஒருமுறை குனிந்து பிள்ளையின் காலைப் பார்க்கட்டும்.