யார் ஜெயிப்பது என்பது இருக்கட்டும், யார் எங்கே நிற்பது?

சித்திரை பிறந்தால் மலையகத்தில் ரேஸ் பேச்சும் பிறந்துவிடும். நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம் தொடங்கியதும் ஒரு பக்கம் குதிரை ரேஸ், மறுபக்கம் கார், மோட்டார் சைக்கிள் ரேஸ். மாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டு தொடங்கியது. ராதெல்லயிலும் கார்கள் மலையேறுகின்றன. ஊவாப் பக்கம் தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில். இவை எங்கோ தூர தேசத்தில் நடப்பவை அல்ல. நமது மலைநாட்டில் நடப்பவை. பண்டிகை முற்பணத்தில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்க்கப் போகிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

ரேஸ் என்றால் ஆரூடமும் கூடவே வரும். தேநீர்க் கடையிலும் சலூனிலும் பஸ்ஸிலும் வாதம் நடக்கும். எந்தக் கார் முந்தும், எந்த ஓட்டுநருக்கு இந்த வளைவு சரிவரும் என்று ஆளுக்கொரு கணக்கு. போனில் ஃபோர்முலா வன் பார்க்கிற பிள்ளைகள் வெர்ஸ்டாப்பனா, ஹமில்டனா என்று இரவெல்லாம் அடித்துக்கொள்வார்கள். சிலர் புக்கியில் காசு வைக்கும் அளவுக்கும் போகிறார்கள். புக்கியைத் தவிர மற்றதை நாம் குறை சொல்லவில்லை. வாரமெல்லாம் மலையில் நின்ற மனிதனுக்கு ஒரு நாள் கத்திக் கொண்டாட உரிமை உண்டு.

ஆனால் 2024 ஏப்ரல் 21ஆம் திகதிக்குப் பிறகு இந்த வாதத்தை வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது நமது கருத்து.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சில ஆண்டுகள் நடக்காமல் இருந்த ஃபொக்ஸ் ஹில் பந்தயம் மீண்டும் நடந்தது. பெருங்கூட்டம். ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்று பாதையை விட்டு விலகி, ஓரத்தில் நின்றவர்கள் மீது பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி 8 வயதுச் சிறுமி. பந்தயப் பணியில் நின்ற உதவியாளர்களும் இறந்தவர்களில் அடக்கம். 20க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். விசாரணைகள் தொடங்கின. ஓட்டுநர்கள் கைதானார்கள்.

அதற்குப் பிறகு ஊர்களில் மூன்று பேச்சுகள் கேட்டன. “விதி” என்றார்கள் சிலர். “பார்க்கப் போனவர்கள் ஏன் அவ்வளவு கிட்டப் போய் நின்றார்கள்” என்றார்கள் சிலர். “எல்லாம் ஓட்டினவனின் பிழை” என்றார்கள் மற்றவர்கள். இந்த மூன்றிலும் ஒரு பொதுக் குணம் இருக்கிறது. பாதையை அமைத்தது யார், வேலி எங்கே போட வேண்டும் என்று தீர்மானித்தது யார், கூட்டம் ஓரத்துக்கு வந்த பிறகும் பந்தயத்தை ஓடவிட்டது யார் என்ற கேள்வி மூன்றிலுமே இல்லை.

ஆரூடம் பொய்க்கும், ஆபத்து பொய்க்காது

ரேஸில் யார் ஜெயிப்பார் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. 1996இல் மொனாக்கோவில் நடந்த பந்தயத்தில் 14ஆவது இடத்திலிருந்து புறப்பட்டவர் ஒலிவியே பனிஸ். மழை, மோதல், இயந்திரக் கோளாறு என்று ஒவ்வொருவராகக் கழன்றுபோக, கடைசியில் கொடி விழும்போது ஓடிக்கொண்டிருந்தவை மூன்றே மூன்று கார்கள். முதலாவது பனிஸ். அன்று அவர் மீது பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருப்பார்கள்.

எந்த இடத்தில் ஆள் சாவான் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். 1976இல் ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் பாதை கிட்டத்தட்ட 23 கிலோமீற்றர் நீளம். அத்தனை தூரத்துக்கும் தீயணைப்பு ஆட்களையும் அம்புலன்ஸையும் நிறுத்துவது நடக்காத காரியம். அப்போதைய உலகச் சம்பியன் நிக்கி லவுடா அதைத்தான் சொன்னார். இந்தப் பாதையில் ஓட வேண்டாம், எல்லோரும் சேர்ந்து மறுப்போம் என்றார். சக ஓட்டுநர்கள் வாக்களித்து அதை நிராகரித்தார்கள். ஓகஸ்ட் 1ஆம் திகதி அதே பாதையில் லவுடாவின் கார் மோதித் தீப்பிடித்தது. எரியும் காரிலிருந்து அவரை இழுத்தெடுத்தவர்கள், பின்னால் வந்து காரை நிறுத்திய சக ஓட்டுநர்கள். உயிர் தப்பினார், முகத்தில் தீக்காயத் தழும்பு கடைசிவரை இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பழைய பாதையில் ஃபோர்முலா வன் ஓடவே இல்லை.

ஆறு வாரத்தில் லவுடா கட்டுடன் திரும்பி வந்து இத்தாலியில் ஓடினார். கடைசிப் பந்தயம் ஜப்பானில், கொட்டும் மழையில். இரண்டு சுற்று ஓடிவிட்டு, உயிரைவிட இது பெரிதல்ல என்று காரை நிறுத்தினார். ஒரே ஒரு புள்ளியில் ஜேம்ஸ் ஹண்ட் சம்பியனானார். இப்படி முடியும் என்று அந்த ஆண்டின் தொடக்கத்தில் எந்த ரசிகனும் சொல்லியிருக்க முடியாது. நூர்பர்க்ரிங் ஆபத்தை மட்டும் லவுடா முன்கூட்டியே சொல்லியிருந்தார். இதைத்தான் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பாதுகாப்பைக் கொடுத்தது யார்?

இன்று தொலைக்காட்சியில் பார்க்கிற பந்தயப் பாதையில் சரளைப் பரப்பு, இரும்புத் தடுப்பு, டயர் அடுக்கு, உயர்ந்த கம்பி வலை, தயாராக நிற்கும் வைத்தியர் என்று எல்லாம் இருக்கின்றன. இவை யாருடைய கருணையாலும் வந்தவை அல்ல.

1955 ஜூன் 11ஆம் திகதி பிரான்சில் லு மான் பந்தயத்தில் ஒரு கார் மோதிச் சிதறியது. பாதைக்கும் கூட்டத்துக்கும் நடுவே இருந்தது ஒரு மண் அணை மட்டுமே. இயந்திரமும் அச்சும் கூட்டத்துக்குள் பறந்தன. 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படியும் பந்தயம் கடைசிவரை ஓடியது. அதன் பிறகு சுவிட்சர்லாந்து தன் நாட்டில் வட்டப் பாதைப் பந்தயத்தையே தடை செய்தது.

1961இல் ஓட்டுநர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். கிராண்ட் பிரீ ஓட்டுநர் சங்கம் என்று பெயர். 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில், மழையில் ஜக்கி ஸ்டூவர்ட்டின் கார் மோதியது. உடம்பெல்லாம் பெற்றோல். நசுங்கிய காருக்குள் ஏறக்குறைய 25 நிமிடம் சிக்கிக் கிடந்தார். அவரை வெளியே எடுக்கப் பந்தயக்காரர்களிடம் கருவி இல்லை; பார்க்க வந்த ஒருவரிடம் சாவி வாங்கித்தான் சக ஓட்டுநர்கள் கழற்றினார்கள். அம்புலன்ஸ் வழி தவறிப் போனது.

அதன் பிறகு ஸ்டூவர்ட் ஓயவில்லை. தடுப்பு வேண்டும், வைத்தியர் வேண்டும், ஆசனப் பட்டி வேண்டும் என்று கேட்டார். பயந்தாங்கொள்ளி என்றார்கள். பந்தயத்தின் ருசியையே கெடுக்கிறான் என்றார்கள். அந்தப் பயந்தாங்கொள்ளிதான் மூன்று முறை உலகச் சம்பியன். 1969இல் ஸ்பா பாதையைத் திருத்தாமல் ஓட மாட்டோம் என்று ஓட்டுநர்கள் நின்றார்கள். அந்த ஆண்டு பெல்ஜியப் பந்தயம் நடக்கவில்லை. 1970இல் நூர்பர்க்ரிங்கையும் மறுத்தார்கள். பந்தயம் ஹொக்கன்ஹைமுக்கு மாறியது. கோரிக்கை, மறுப்பு, ஒற்றுமை. சங்கத்தில் இருக்கிற நமக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஒற்றுமை உடைந்த 1976இல் என்ன நடந்தது என்பதையும் மேலே பார்த்தோம்.

1994இல் இத்தாலியின் இமோலாவில் சனிக்கிழமை ரட்சன்பேர்கரும் ஞாயிற்றுக்கிழமை அயர்ட்டன் சென்னாவும் இறந்தார்கள். செயலற்றுக் கிடந்த ஓட்டுநர் சங்கம் அந்த மாதமே மீண்டும் எழுந்தது. பாதைகள் திருத்தப்பட்டன, கார்கள் மாற்றப்பட்டன.

ரசிகர்களின் எதிர்ப்பையும் பார்க்கலாம். 2018இல் ஓட்டுநரின் தலைக்கு மேலே ‘ஹாலோ’ என்ற வளையம் கட்டாயமாக்கப்பட்டது. காரின் அழகே போயிற்று, பாட்டா செருப்பின் வார் மாதிரி இருக்கிறது என்று ரசிகர்கள் கேலி செய்தார்கள். ஓட்டுநர்களிலும் சிலர் விரும்பவில்லை; ரொமெய்ன் குரோஷான் அவர்களில் ஒருவர். 2020இல் பஹ்ரெய்னில் அவருடைய கார் இரும்புத் தடுப்பைத் துளைத்து, இரண்டாகப் பிளந்து, தீப்பிழம்பாக எரிந்தது. 28 விநாடி கழித்து அவர் தாமே வெளியே வந்தார். அந்த வளையம் இல்லாவிட்டால் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்று வைத்தியசாலைப் படுக்கையிலிருந்து சொன்னார். இன்று அந்த வளையத்தைக் கழற்று என்று சொல்ல ஆளில்லை.

ஆனால் இந்த வெற்றிக்கும் ஓர் ஓட்டை உண்டு. சங்கம் உள்ள ஓட்டுநருக்குப் பாதுகாப்பு முதலில் வந்தது. பாதை ஓரத்தில் கொடி பிடித்து நிற்கிற தொண்டர்களுக்குப் பிந்தியே வந்தது. சென்னாவுக்குப் பின் 20 ஆண்டுகள் ஃபோர்முலா வன் பந்தயங்களில் எந்த ஓட்டுநரும் உயிரிழக்கும் விபத்து நடக்கவில்லை. ஆனால் 2000இல் மொன்சாவிலும் 2001இல் மெல்பேர்னிலும் பறந்து வந்த கார்ப் பாகங்கள் பட்டு, பணியில் நின்ற தொண்டர்கள் இறந்தார்கள். பார்க்க வருகிற சனங்களுக்கோ சங்கமே இல்லை. தியத்தலாவையில் இறந்தவர்கள் பணியில் நின்றவர்களும் பார்க்க வந்தவர்களும்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நமக்குப் பழகிய பேச்சு

குளவி கொட்டினால் “ஏன் அந்தப் பக்கம் போனாய்” என்று கேட்பதை நாம் அறிவோம். மரம் முறிந்து விழுந்தால், மண் சரிந்தால், லொறி புரண்டால் “கவனக்குறைவு” என்று எழுதி முடிப்பதையும் அறிவோம். கூட்டைக் கண்டு முதல் நாளே சொன்னோமே என்பது எந்தத் தாளிலும் ஏறாது. ஆபத்தை அமைத்தவனை விட்டுவிட்டு அகப்பட்டவனைக் குற்றவாளி ஆக்குகிற இந்தப் பேச்சை ஏற்காத நாம், பந்தயத் திடலில் மட்டும் அதே பேச்சைப் பேசலாமா?

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற கார் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 28 மீற்றர் ஓடும். ஒற்றை லயம் ஒன்றின் நீளம் அளவு. ஐந்து மீற்றர் தள்ளி நிற்பவனுக்குக் கண் இமைக்கவும் நேரமில்லை. ஆகவே “விலகியிருக்கலாமே” என்பது அர்த்தமற்ற பேச்சு. விலகும் வேலையை முன்கூட்டியே தடுப்புச் செய்திருக்க வேண்டும்.

பந்தயத்தை நிறுத்திவிடு என்று நாம் சொல்லவில்லை. அந்த நாட்களில் கடலை விற்பவரும், சோளம் அவிப்பவரும், முச்சக்கர வண்டி ஓட்டுபவரும் நாலு காசு பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு திருவிழா. நாம் கேட்பது இவைதான்:

கார் விலகக்கூடிய இடங்களை முன்கூட்டியே குறித்து, அங்கே ஒருவரும் நிற்காதபடி உறுதியான தடுப்புப் போட வேண்டும். கயிறும் நாடாவும் தடுப்பல்ல.

கூட்டம் எல்லையைத் தாண்டினால் பந்தயம் உடனே நிற்க வேண்டும். நிறுத்தும் அதிகாரம் பாதை ஓரத்தில் நிற்கும் பணியாளருக்கு இருக்க வேண்டும். அவருக்குப் பயிற்சியும் காப்புறுதியும் வேண்டும்.

அறிவிப்புகள் சிங்களத்திலும் தமிழிலும் ஒலிக்க வேண்டும். அம்புலன்ஸ் வெளியேறும் வழி அடைபடக் கூடாது.

விபத்து நடந்தால் விசாரணையின் முடிவு இரு மொழிகளிலும் மக்கள் கைக்கு வர வேண்டும். இழப்பீடு குடும்பத்தின் கைக்கு வர வேண்டும்.

நம் வீட்டிலும் செய்ய வேண்டியது உண்டு. வளைவின் வெளிப்புறத்தில் நிற்காதீர்கள். பிடி தவறிய கார் அங்கேதான் வரும். நீண்ட நேர்ப்பாதை முடிகிற இடத்திலும் நிற்காதீர்கள். உயரமான மேட்டில், தடுப்புக்குப் பின்னால் தள்ளி நில்லுங்கள். சிறுவர்களை முன்வரிசைக்கு அனுப்பாதீர்கள். மஞ்சள் கொடி ஆடினால் பாதையில் ஏதோ நடந்திருக்கிறது. வேடிக்கை பார்க்கக் கிட்டப் போகும் நேரமல்ல, பின்னால் நகரும் நேரம். சிவப்புக் கொடி என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது.

அடுத்த சித்திரையிலும் வாதம் நடக்கட்டும். எந்தக் கார், எந்த ஓட்டுநர் என்று சத்தம் போடுங்கள். ஆனால் திடலுக்குள் கால் வைக்கும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: தடுப்பு எங்கே? பதில் இல்லையென்றால் பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். பத்துப் பேருக்கும் பதில் இல்லையென்றால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வாருங்கள். யார் ஜெயித்தார் என்பது மாலைச் செய்தியில் வரும்.