வேலியோடு முடிய வேண்டிய சண்டை



அடுத்த வீட்டு ஆடு நமது வளவுக்குள் புகுந்து மரவள்ளியைத் தின்று விடுகிறது. காலையில் இரண்டு பெண்கள் வேலியோரம் நின்று நாலு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள். பகலில் இரு வீட்டுப் பிள்ளைகளும் பாடசாலையில் அடித்துக்கொள்கிறார்கள். மாலையில் வயலிலிருந்து வரும் ஆண்களின் காதில் அது வேறொரு கதையாக விழுகிறது. இஷாவுக்குப் பிறகு வீதியில் பத்துப் பேர் கூடி நிற்கிறார்கள். தின்னப்பட்ட மரவள்ளி எத்தனை மூடு என்று அப்போது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

வெருகல் ஆற்றோரத்தில் இருக்கும் எங்களுக்கு இந்தக் கதை வெறும் கதையாகத் தெரிவதில்லை. மகாவலியின் கிளையாகிய இந்த ஆறு, திருகோணமலை மாவட்டத்துக்கும் மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் எல்லையாக ஓடிக் கடலில் கலக்கிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகத்தாரும் இப்பக்கத்தில் ஒரே நீரை நம்பி நெல் விதைக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதும், அதைத் தொடர்ந்து போர் மூண்டதும், ஆகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்ப் பக்கம் நடந்ததும் நமக்கு மறக்கக் கூடியவை அல்ல. அந்தப் போருக்கு வேறு பெரிய காரணங்கள் இருந்தன. அதை அயலவர் சண்டை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அப்படியொரு காலத்தைக் கண்ட மண்ணில், இரண்டு வீட்டுச் சச்சரவு இரண்டு ஊர்ச் சச்சரவாகவும், பின்னர் இரண்டு இனத்தின் சச்சரவாகவும் ஆவதற்கு அதிக நேரம் எடுப்பதில்லை.

மனிதர் அருகருகே வாழ்ந்தால் பிணக்கு வரத்தான் செய்யும். ஆட்டுச் சண்டையை ஆட்டுச் சண்டையாகவே வைத்து முடிப்பதுதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது. கணவர் கடல் கடந்து உழைக்கப் போயிருக்கும் வீடுகளில் அயலவரோடு பேச வேண்டியவளும், கணக்கு வழக்குப் பார்க்க வேண்டியவளும் பெண்தான். ஆகவே இந்தக் கலை அவளுக்கு மிகவும் அவசியமாகிறது.

பொருளைப் பேசுங்கள்

சண்டையைப் பெரிதாக்கும் சொற்கள் எவை என்று சற்றுக் கவனித்துப் பாருங்கள். "எப்பவும்", "ஒரு நாளும்", "உங்கட ஆக்கள்" என்பவைதான் அவை. "உங்கட ஆக்கள் எப்பவும் இப்படித்தான்" என்று சொன்ன கணத்தில் ஆடு மறைந்து விடுகிறது; குடும்பமும் ஊரும் சமூகமும் நடுவில் வந்து நின்று விடுகின்றன.

அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ராத்தா, நேத்தும் இண்டைக்கும் ஆடு எங்கட வளவுக்குள்ள வந்திட்டுது. வேலியில ரெண்டு கதியால் விழுந்து கிடக்கு. ரெண்டு வீடும் சேர்ந்து நடுவமா?" என்ன நடந்தது, எப்போது நடந்தது, என்ன செய்யலாம் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. யாருடைய மானமும் இதில் இழுக்கப்படவில்லை. வேலிக்கு அப்பால் இருப்பவர் அக்கா என்று அழைக்கப்படுபவராக இருந்தாலும் பேச்சு இதுதான்.

போவதென்றால் நீங்களே போங்கள். பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதீர்கள். கோபம் தணிந்த பிறகு போங்கள். ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருப்பது ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் எல்லை வகுத்தார்கள். கோபத்துக்கும் ஒரு தவணை உண்டு என்பதை நாம் அதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். போன இடத்தில் முதலில் அவர்களைப் பேச விடுங்கள். அவர்கள் சொன்னதை உங்கள் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்லி, "இதைத்தானே சொல்றீங்க?" என்று கேளுங்கள். தன் பேச்சு கேட்கப்பட்டது என்று அறிந்த மனிதரின் குரல் தானாகவே இறங்கும்.

கிடைக்கும்போதே ஏற்றுக்கொள்ளுங்கள்

வயலும் வாய்க்காலும் உள்ள ஊராருக்கென்றே அமைந்தது போன்ற ஒரு நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. மதீனாவின் ஹர்ராப் பகுதி வாய்க்கால் நீர் குறித்து ஸுபைர் (ரழி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரித் தோழருக்கும் பிணக்கு ஏற்பட்டது. ஸுபைரின் தோட்டம் மேலே. அன்ஸாரியின் தோட்டம் கீழே. நபி (ஸல்) அவர்கள் முதலில் ஓர் இணக்கமான வழியைச் சொன்னார்கள்: ஸுபைர் தமது மரங்களுக்குப் பாய்ச்சிவிட்டு அயலவருக்கு நீரை விட்டுவிட வேண்டும். இதில் இருவருக்கும் வசதி இருந்தது. அன்ஸாரியோ, ஸுபைர் உங்கள் மாமியின் மகன் என்பதால் இப்படிச் சொல்கிறீர்கள் என்று கோபத்தில் பேசிவிட்டார். அதன் பின்னர் நபியவர்கள் ஸுபைருக்குரிய உரிமையை முழுமையாகக் கொடுத்தார்கள்: தடுப்பு வரம்பை எட்டும் வரை நீரைத் தேக்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

இமாம் புகாரி இதை ஸுல்ஹ், அதாவது சமாதானம் பற்றிய பாடத்திலும் சேர்த்திருப்பது கவனிக்கத் தக்கது. சட்டப்படி மேல் தோட்டக்காரருக்கு அதிக உரிமை இருந்தது. சமாதானத்தின் மூலம் கீழ்த் தோட்டக்காரருக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கவிருந்தது. ஒரு சந்தேகச் சொல்லால் அதை அவர் இழந்தார். நமது வீடுகளிலும் இதுவே நடக்கிறது. ஒரு முழம் காணிக்காகக் கிடைத்த நல்ல இணக்கத்தைத் தட்டிவிட்டு, பத்து வருடம் நீதிமன்றத்துக்கு அலைபவர்களை நாம் அறிவோம்.

இதே ஸுல்ஹ் பாடத்தில் உம்மு குல்ஸூம் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தியும் உண்டு. மக்களிடையே சமாதானம் செய்வதற்காக நல்லதை எடுத்துச் சொல்பவர் பொய்யராக மாட்டார் என்பது அதன் கருத்து. இரண்டு வீட்டுக்கும் போய் வரும் பெண்ணுக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. "அவங்க உங்களப் பத்தி இப்படிச் சொன்னாங்க" என்பதைக் கீழே போட்டுவிடுங்கள். "உங்கட பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு கேட்டுக் கவலைப்பட்டாங்க" என்பதை மட்டும் சுமந்து செல்லுங்கள்.

வேலைத்தலத்தில்

இன்று நம் சகோதரிகள் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் தையல் நிலையத்திலும் கடையிலும் உழைக்கிறார்கள். அங்கு வரும் பிணக்குகள் பெரும்பாலும் வேலைப் பங்கீட்டைப் பற்றியவை: யாருக்கு இரவு முறை, யாருக்கு லீவு, யார் செய்த வேலைக்கு யாருக்குப் பாராட்டு என்பன போன்றவை. தேநீர் நேரத்தில் மற்றவர்களிடம் முறையிட்டால் மனம் ஆறுவது போலிருக்கும், காரியம் நடக்காது. அதற்குப் புறம் பேசுதல் என்ற பாவமும் சேர்ந்துவிடும். உரியவரைத் தனியே கண்டு, "டீச்சர், இந்த மாதம் மூன்று தடவை என்னுடைய ஓய்வுப் பாடவேளையில் பதில் வகுப்புக்குப் போட்டிருக்கிறீர்கள், அடுத்த மாதம் முறை வைத்துப் போடுவோமா?" என்று கேளுங்கள். "மூன்று தடவை" என்று சொல்ல வேண்டுமானால் திகதி தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு சிறு கொப்பியில் திகதியோடு குறித்து வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆன் கட்டளையிடுவது நினைவிருக்கட்டும். எழுத்து இருந்தால் குரலை உயர்த்தத் தேவையில்லை.

பேசியும் தீராதபோது

வாய்க்கால் தகராறு என்றால் வட்டவிதானை இருக்கிறார். விவசாய அமைப்பு இருக்கிறது. எல்லைத் தகராறு என்றால் கிராம உத்தியோகத்தர் இருக்கிறார். பள்ளிவாசல் நிர்வாகமும் பல பிணக்குகளைத் தீர்த்து வைக்கிறது. ஆனால் எதிர்த்தரப்பார் வேற்றுச் சமூகத்தவராயின் நமது பள்ளிவாசலில் அவருக்கு நம்பிக்கை ஏற்படாமல் போகலாம். அவருடைய கோயிலில் நமக்கும் அப்படித்தான். அப்போது இரு தரப்பாரும் ஏற்கக் கூடிய இடம் மத்தியஸ்த சபையாகும்.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இச்சபைகள் 1990 முதல் இயங்குகின்றன. போர் காரணமாக வடக்கு, கிழக்குக்குப் பிந்தியே வந்தன. முறை இதுதான்: மத்தியஸ்தர்களில் ஒருவரை நீங்கள் தெரிவு செய்கிறீர்கள், மற்றவர் ஒருவரைத் தெரிவு செய்கிறார், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்கிறார்கள். சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேச முடியாது. நீங்களே பேச வேண்டும். மத்தியஸ்தர்கள் சம்பளம் பெறாதவர்கள். அவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரும் உடன்படும் வழியைத் தேட உதவுகிறார்கள். இணக்கம் ஏற்பட்டால் அது எழுதப்பட்டு ஒப்பமிடப்படும். ஏற்படாவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள். நீங்கள் நீதிமன்றம் செல்லலாம். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட கடன், சொத்துப் பிணக்குகளுக்கும் சிறு குற்றங்கள் சிலவற்றுக்கும் இந்தச் சான்றிதழ் இல்லாமல் வழக்கு வைக்கவே முடியாது. வீட்டில் பேசிப் பழகிய பெண்ணுக்கு அங்கும் பேச வரும்.

பொறுமை என்று மூடக் கூடாதவை

இறுதியாக மிக முக்கியமான ஒன்று. மேலே சொன்னவையெல்லாம் பிணக்குகளுக்கு உரியவை. அநியாயம் வேறு. வேலைத்தலத்தில் மேலாளர் தகாத முறையில் பேசுகிறார், தொடுகிறார் என்றால் அங்கே விட்டுக்கொடுப்பு என்ற பேச்சுக்கு இடமில்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் அது குற்றமாகும். பெண்களுக்கான 1938 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். தனியார் இடத்தில் வேலை செய்பவரின் சம்பளத்தையோ ஊழியர் சேமலாப நிதியையோ கட்டாமல் விட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். நியாயமின்றி வேலையிலிருந்து நிறுத்தினால் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதமே தவணை. "பொறு, பொறு" என்று சொல்பவர்களைக் கேட்டு அந்த ஆறு மாதத்தையும் கழித்துவிடாதீர்கள்.

ஸப்ர் என்பது வாயை மூடிக்கொண்டு அநியாயத்தைச் சுமப்பதாக நமது பெண்களுக்குப் போதிக்கப்பட்டு வருவது வருந்தத் தக்கது. அநியாயக்காரனுக்கும் உதவி செய்யுங்கள் என்று நபியவர்கள் சொன்னபோது தோழர்கள் வியந்தார்கள். அநியாயத்திலிருந்து அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று அவர்களுக்கு விளக்கப்பட்டது. முறைப்பாடு செய்வதும் அவ்வகை உதவிதான்.

இம்மாதம் ஒரு காரியம் செய்யுங்கள். பேச்சு முறிந்த அயல்வீடு ஒன்று உங்களுக்கு இருக்குமானால், அந்தப் பிணக்கு எந்தப் பொருளில் தொடங்கியது என்று ஒரு தாளில் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அது ஓர் ஆடாகவோ, ஒரு கதியாலாகவோ, பிள்ளைகளின் ஒரு பந்தாகவோதான் இருக்கும். அதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போங்கள். முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர். அவர்கள் வேற்று மதத்தவராயின் நல்ல வார்த்தையோடு முகமலர்ச்சியாகத் தொடங்குங்கள்.

அல்லாஹ் நம் வீடுகளையும் நம் அயல்வீடுகளையும் அமைதியில் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.